ஜோரி டிரெம்பாத்தின் கால்சட்டை

ஜோரி டிரெம்பாத் செத்த மறுநாளும் அவனுடைய கால்சட்டை வேலைக்குப் போனது. வர்ஜீனியா சிட்டியில் வெள்ளிச் சுரங்கங்கள் கொழித்த காலம் அது. காய்ச்சலில் செத்தவனை ஞாயிற்றுக்கிழமைக் கம்பளி உடுப்பில் புதைத்தோம். வேலை உடுப்போடு யாராவது புதைப்பார்களா? பை முனைகளில் செம்பு ஆணி அடித்துத் தைத்த அந்த நீலக் கால்சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. விடிந்ததும் தானாக இறங்கிச் சுரங்கத்துக்கு நடந்தது, தள்ளுவண்டியை முட்டியால் முட்டித் தள்ளியது. மேஸ்திரி பாஸ்கோ அதைத் திருப்பி அனுப்பவில்லை. "இடுப்புக்கு மேல உடம்பு இருக்கிறவனுங்கதான்யா என்கிட்ட வாயாடுறானுங்க. இது பாட்டுக்கு வேலை செய்யுது, செய்யட்டும்" என்றார்.

சாயங்காலமானால் வீட்டுக் கதவை வந்து உதைக்கும். ஜோரியின் மனைவி லவ்டே திட்டிக்கொண்டே துவைத்துக் கொடியில் போடுவாள். கிராஸ் வேலி என்ற ஊரில் அவளுடைய அக்கா அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தாள். இந்தத் தூசியை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தாள் லவ்டே. எங்கே போவது? ஒருமுறை ரயிலேறியும் பார்த்தாள். கால்சட்டை தண்டவாளத்தோடு ஓடிவந்து, அடுத்த நிலையத்தில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. புருஷனை விட்டு ஓடுகிறவள் என்று கண்டக்டர் இரண்டு பேரையும் இறக்கிவிட்டான். பெட்டியில் பூட்டினால் பெட்டி உடைந்தது. வெட்டினால் கத்தரிதான் மழுங்கியது, அப்படிப்பட்ட துணி. பாதிரியாரிடம் போய் அழுதாள். "புருஷன்ல பாதி தினமும் வீட்டுக்கு வருது, நீ எப்படிம்மா விதவை?" என்றார் அவர். ஊர்ப் பெண்கள் அதற்கும் ஆமென் போட்டார்கள். வருஷங்கள் போயின, லவ்டே துவைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் காலை அது கொடியை விட்டு இறங்குவதற்குள் பாவாடையைக் கழற்றி எறிந்துவிட்டு அதைத் தானே மாட்டிக்கொண்டாள். அது அவளையும் சேர்த்துச் சுரங்கத்துக்கு இழுத்தது. கடைத்தெருவில் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி வந்ததும், பக்கத்துக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தொட்டிக்குள் விழுந்தாள். புதுக் கால்சட்டை வாங்கினால் எங்கள் ஆண்கள் செய்வதுதான் இது: பெரிசாக வாங்கி, போட்டுக்கொண்டே தண்ணீரில் ஊறி, வெயிலில் உடம்போடு காயவைப்பார்கள். துணி சுருங்கி, உள்ளே இருப்பவருடையதாகிவிடும்.

"என்ன லவ்டே, குதிரைக்குப் போட்டியா?" என்று ஒருவன் கத்தினான்.

"உங்க மூஞ்சியெல்லாம் பார்க்காம இருக்கத்தான்டா இந்தப் பாடு!"

கால்சட்டை உதைத்தது. அவள் விடவில்லை. நன்றாக ஊறியதும் எழுந்து, கம்பத்தைப் பிடித்தபடி, தெருவே பார்க்க வெயிலில் நின்றாள். துணி இடுப்பில் இறுகியது, தொடையில் இறுகியது. ஜோரி மண்டியிட்டு மண்டியிட்டு முட்டியில் விழுந்த புடைப்புகள் மட்டும் கடைசிவரை நின்றன. பிறகு அவையும் அமுங்கிப்போயின. லவ்டே கையால் தடவிப் பார்த்தாள். அவளுடைய முட்டிதான் இருந்தது. "போயிட்டியாய்யா" என்று வாய்விட்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. கூட்டத்தில் நின்ற பாதிரியார் தொப்பியைக் கழற்றினார்.

அழுது முடித்து ரயில் நிலையத்துக்கு நடந்தாள். கால்சட்டை அவள் போன பக்கமே போனது.