சலூன்காரர் மனைவியின் தலையில் இருபத்து மூன்று செடிகள்

காய்ச்சலில் முடி மொத்தமும் கொட்டிப்போன சலூன்காரரின் மனைவிக்கு, ஆறாவது வாரம் தலையில் செடிகள் முளைத்தன. ஒன்றிரண்டல்ல, இருபத்து மூன்று வகை. எண்ணியவர் சலூன்காரரே, தலைகளைப் பார்த்தே பிழைத்தவர், தப்பாக எண்ணமாட்டார். மூன்றிலைச் செடி, மஞ்சள் பூ, பாசி, நெற்றியோரம் ஒரு கொடி, நடு உச்சியில் ஒரு புல். ஜனங்கள் ஒரு வாரம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மனுஷன் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். "அடர்த்தியா வளரணும்னா ஊட்டம் கொடுக்கணும் சார்" என்று முப்பது வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அதை அவரே நம்பிவிட்டிருந்தார். தினமும் காலையில் மனைவியைச் சலூன் வாசலில் உட்காரவைத்து, புண்ணாக்கு ஊறிய தண்ணீரை ஊற்றினார். பாசம்தான், வேறென்ன? அவ்வளவையும் உச்சிப்புல் ஒன்றே வாரி விழுங்கி, மூன்றே மாதத்தில் முழ உயரம் வளர்ந்து நின்றது. அதன் நிழலில் மற்றதெல்லாம் வெளிறியது. மஞ்சள் பூ பட்டுப்போன அன்று அவளுக்கு உப்பு தெரியவில்லை. பாசி காய்ந்ததும் சிரிப்பு போனது. கொடியோடு எண்கள் போயின. வருஷக் கடைசியில் புல்லும், இடது காதுக்குப் பின்னால் கடுகளவு இலை வைத்த ஒரு பொடிச்செடியும்தான் மிச்சம். அவளிடம் மிஞ்சியதும் ஒரே சொல்தான்: "என்னங்க." அந்தப் பொடிச்செடியும் போனால் புருஷன் யாரென்றே அவளுக்குத் தெரியாது என்று புரிந்த அன்று, சலூன்காரர் கடையைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதார்.

பூங்காவில் செடிகளைக் கணக்கெடுக்கும் அம்மாவைக் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்தார். அந்த அம்மா புல்லை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊட்டி ஊட்டியே கெடுத்துட்டீங்களேய்யா! கொழுத்ததுக்கே மேல மேல போட்டா சின்னதெல்லாம் எங்க போகும்? மண்ணைப் பட்டினி போடுங்க. புல்லை ஒட்ட வெட்டி, வெட்டினதை அள்ளி வெளிய போடுங்க."

"மண்ணுன்னு நீங்க சொல்றது என் பொண்டாட்டிங்கம்மா."

"தெரியும்" என்ற அந்த அம்மா, விலக்கிய புல்லைப் பழையபடி மூடிவிட்டார்.

சலூன்காரர் அவளுக்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான் போட்டார். தானும் அதையே சாப்பிட்டார். அவள் எலும்பும் தோலுமானாள். புல்லை நாளுக்கு இரண்டு முறை வெட்டினார். முப்பது வருஷத்தில் ஒரு காதைக்கூடக் கீறாத கை, பொடிச்செடியின் ஓர் இலையைக்கூடத் தொடாமல் வெட்டியது. ஆனால் நிழலிலேயே கிடந்து பழகிய பொடிச்செடி திடீர் வெயிலைத் தாங்கவில்லை. துண்டை விரித்துப் பிடித்தபடி நாள் முழுக்க நின்றார். சாயங்காலம் அது கருகி உதிர்ந்தது. அவள் நிமிர்ந்து, தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

அப்புறமும் அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தப் பார்வையும் போய்விடும் என்று பயம்.

அடுத்த மழைக்கு, வெட்டிய இடைவெளிகளில் காற்று கொண்டுவந்த விதைகள் முளைத்தன. பழையதில் ஒன்றுகூட இல்லை, எல்லாமே புதுசு. ஒரு நீலப்பூ வந்ததும், பிறந்ததிலிருந்து விசிலடிக்காதவள் விசிலடித்தாள். இன்னொன்று வந்ததும் தெருநாய்களை அதட்டினாள். வகைகள் முப்பத்தொன்றைத் தாண்டிய ஒரு காலை, சலூன்காரர் கத்திரியோடு அவள் எதிரில் வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெயில் மறைக்குது."

"சரிம்மா" என்று நகர்ந்து, நாற்காலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, அவர் புல்லை வெட்டத் தொடங்கினார்.