பீலியில் முதல் குடம்

மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கத் தாமதமானால், காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தும். பிந்தினால் அரைப்பேர், பாதிக் கூலிதான். பூவம்மாவுக்கு அந்த மாதம் விழுந்த அரைப்பேர்களுக்கெல்லாம் காரணம், வரிசையில் குறுக்கே புகும், மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் விசாலாட்சி. இருவரும் அதைப் பேசித் தீர்க்கப் பார்த்ததில் பல குடங்கள் உடைந்தன.

பெரிய கங்காணிக்கு அலுத்துவிட்டது. லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டும் நாளில் துரை தேயிலைத் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார். பெண்களுக்குக் குட ஓட்டம். நிறைகுடத்தைத் தலையில் வைத்துக் கொடிவரை போக வேண்டும்.

"ஜெயிக்கிறவளுக்கு வருசம் பூரா மொதக் கொடம். அப்புறம் எவளும் வாயத் தொறக்கக் கூடாது," என்றார் கங்காணி.

பூவம்மாவின் புருசன் தங்கராஜா ஆலோசனை சொன்னான்.

"கொடியப் பாக்காத புள்ள. விசாலாட்சிய மட்டும் பாரு. அவளத் தொரத்துறப்ப ஒனக்குக் காலு தரையிலயே படுறதில்ல."

பூவம்மாவுக்கு அது சரியாகப் பட்டது. பார்வையில் கோபம் குறையாமல் இருக்க, விழுந்த அரைப்பேர்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள்.

கோட்டில் விசாலாட்சி பக்கத்தில் நின்றாள். "என்னடி, கொடத்துல தண்ணியா, மொளகாக் கரைசலா? மூஞ்சி இப்பிடிச் செவந்திருக்கு?"

பூவம்மா குடத்தைத் தலையில் ஏற்றினாள்.

விசில் ஒலித்தது. விசாலாட்சி நன்றாகத்தான் ஓடினாள். பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த முகத்தைக் கண்டதும் குடத்தைப் போட்டுவிட்டு லயத்தை நோக்கி ஓட்டம் எடுத்தாள். பூவம்மாவும் திரும்பினாள். கொடி வலப்பக்கம் நின்றுவிட்டது. தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி, தேயிலைக்குள் புகுந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் விசாலாட்சியின் வாசல்வரை துரத்தினாள். கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் தூரத்தில் கைதட்டல் கேட்டது.

எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்த வடிவம்மா கொடியைத் தொட்டிருந்தாள். ஓடியவர்களுக்கெல்லாம் துரையின் மனைவி துரைசாணி பணிஸ் ரொட்டி கொடுப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவள். முழு தூரத்தையும் நடந்தே வந்தாள்.

மறுநாள் பீலியடியில் வடிவம்மா முதலில் நின்றாள். குடத்தைக் கழுவினாள். திருப்தியில்லாமல் மறுபடி கழுவினாள். பெரட்டுக்கு அழைக்கும் தப்புப் பறை முழங்கியது. வடிவம்மா வாய் கொப்பளித்தாள்.

"நீ ஏண்டி அப்பிடித் தொரத்துன?" என்று பின்னால் காத்து நின்ற பூவம்மாவிடம் கேட்டாள் விசாலாட்சி.

"நீ ஏண்டி ஓடுன?"

"ஓடுறதுக்குத்தானடி போட்டி வச்சாங்க!"

அன்று இருவருக்கும் அரைப்பேர்.