ஆறவைத்த கண்ணாடி

எங்கள் வீட்டில் வாய் என்னுடையது. என் வீட்டுக்காரர் கிளமென்ட் வாயில்லாப் பூச்சி. எங்கள் ஒரே மகள் ஜெனிஷா செத்ததிலிருந்து மண்ணை வாரித் தூற்றினது நான். அந்தக் கார்க்காரன் நாசமாய்ப் போகணும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்கால் போட்டு வேண்டினதும் நான்தான். அவர் கண்ணாடியை வெட்டுவார், அடுக்குவார், சூளையில் வைப்பார். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறேன்.

ஒண்டிப்புதூரில் வீட்டுக்குப் பின்னால் எங்கள் தகர ஷெட். அலங்கார விளக்கு செய்கிறோம். கலர் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, கரண்ட் சூளையில் உருக்கி, கிண்ணமாகவோ பூவாகவோ வளைத்து எடுப்போம். ஓட்டலுக்கும் மண்டபத்துக்கும் சர்ச்சுக்கும் போகும்.

ஜெனிஷா கருமத்தம்பட்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்தவளை அவிநாசி ரோட்டில் கார் அடித்தது. ஓட்டினவன் ஒரு தறிப்பட்டறை முதலாளியின் மகன் மனோஜ்குமார். பேக்கரி வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். போலீஸ் வருவதற்குள் ஓட்டினவன் மாறிவிட்டான். சம்பளத்துக்கு இருந்த டிரைவர் நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டார். பார்த்தவர்களும் கம்மென்று இருந்துவிட்டார்கள். மனோஜ்குமார் கோர்ட் வாசலை மிதிக்கவே இல்லை. எங்கள் முகம் அவனுக்குத் தெரியாது. அவன் முகம் எங்களுக்குத் தெரியும். போனில் அவன் படத்தை எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் நான் திட்டுவேன்.

அவன் கல்யாணத்துக்கே விளக்கு கேட்டு எங்களிடம் ஆர்டர் வந்தது. மேடை அலங்காரம் செய்கிற அன்புமணிக்கு எங்கள் கதை தெரியாது. மணவறைக்கு மேலே தொங்கவிட தேன் நிறத்தில் பெரிய கண்ணாடிக் கிண்ணம் வேண்டும் என்றார். மாப்பிள்ளை யாரென்று அவர் சொன்னதும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். கிளமென்ட் மட்டும் நிதானமாக, "செஞ்சு தாரேனுங்க" என்றார். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். உருகின கண்ணாடியைச் சூளைக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆறவிடணும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கதவில் கை வைக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் கண்ணாடி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். பிறகு என்றைக்காவது பல்பு சூட்டிலோ, சும்மா தொங்கும்போதோ பட்டென்று வெடித்துச் சிதறும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இரண்டு கறுப்பு ஃபிலிம் இருக்கிறது. நடுவில் வைத்துப் பார்த்தால் நல்ல கண்ணாடி இருட்டாகவே தெரியும். இறுகின கண்ணாடியில் வானவில் மாதிரி நிறம் ஓடும். பார்த்துச் சொல்வது என் வேலை.

கிண்ணம் தயாராகி ஷெட்டில் தொங்கியது. வேண்டாவெறுப்பாகத்தான் ஃபிலிமை எடுத்துக்கொண்டு போனேன். விளிம்பு முழுக்க நிறம். பச்சையும் நீலமும் ஊதாவுமாக ஒரு இடம் பாக்கி இல்லை. கரண்ட் போயிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். போகவில்லை.

"ஏனுங்க, இது ஆறவே இல்லீங்க."

"தெரியும் ராணி" என்றார். கண்ணாடித் தூளைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாப்ள சேரை இதுக்கு நேர் கீழதான் போடறாங்களாம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த மனுஷன் மேல் எனக்கு ஆசை வந்தது. கறி எடுத்துவந்து குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன்.

மறுநாள் விளக்கைப் பார்க்கவேண்டும் என்று அன்புமணியோடு கல்யாணப்பெண்ணே வந்துவிட்டாள். பூஜிதா என்று பேர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். நேராக விளக்குக்கு அடியில் போய் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங் ஆன்ட்டி, இதுக்குக் கீழ நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்தா நல்லாருக்குமில்லீங்க?"

நான் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். யோசித்துச் செய்யவில்லை.

"தள்ளி நில்லு கண்ணு. கம்பி இன்னும் முறுக்கல."

அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வரோணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெனிஷா இருந்திருந்தால் அவளுக்கும் இதே வயசுதான்.

"அவன் பக்கத்துல இந்தப் புள்ளையும்தான ஒக்காருவா?" என்று கிளமென்டிடம் கேட்டேன்.

"ரெண்டு வருசமா நீதான கேட்ட?" என்று கத்தினார். அவர் கத்தி நான் பார்த்ததில்லை. "காலையில கேட்ட, ராத்திரி கேட்ட, கோயில்லயும் அதையேதான கேட்ட!"

கிண்ணத்தை இறக்கித் தரையில் வைத்தேன். கண்ணாடி வெட்டும் கட்டரால் விளிம்பில் ஒரு கோடு இழுத்துத் தட்டினேன். ஷெட் அதிர வெடித்தது. அந்தச் சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கிளமென்ட் வாய்விட்டு அழுதார். மகளைப் புதைத்த அன்றைக்கு அழாத மனுஷன்.

திரும்பச் செய்தோம். இந்த முறை சூளைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். அவரைக் கதவுப் பக்கம் விடவில்லை. ஆறி முடிந்ததும் ஃபிலிம் வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு நிறம் இல்லை, முழு இருட்டு. வயிறெரிந்தது. நல்ல கண்ணாடியைப் பார்த்து வயிறெரிந்தது அன்றைக்குத்தான்.

ஒன்றே ஒன்று கேட்டேன். "விளிம்புல நம்ம புள்ளை பேரைச் செதுக்குங்க. பெருசாச் செதுக்குங்க. அவன் படிக்கட்டும்."

செதுக்கினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் கிளமென்ட் ஏணியில் ஏறி விளக்கை மாட்டினார். தரை வழவழப்பு, ஏணி ஆடியது. நான் ஓடுவதற்குள் டீசர்ட் போட்ட ஒருத்தன் வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மனோஜ்குமார்தான்.

"பாத்துங்ணா. மெதுவா எறங்குங்க."

அன்புமணி ஸ்விட்சைப் போட்டார். தேன் நிறத்தில் மேடை முழுக்க வெளிச்சம். அவன் அண்ணாந்து பார்த்தான். எழுத்தைக் கண்டுவிட்டான். அவன் முகம் வெளுக்கும், கை நடுங்கும், அது போதும், அதற்கு மேல் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று நின்றேன்.

"ஜெ-னி-ஷா" என்று எழுத்துக்கூட்டிப் படித்தான். "நல்லாருக்குதுங்ணா. கம்பெனி பேருங்களா?"

நடிப்பில்லை. அவன் முகத்தை அவ்வளவு நாள் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். அடித்துப் போட்டது யாரை என்று அவன் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கிளமென்ட் ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை.

"கெட்டியாத்தானுங்ணா மாட்டியிருக்கீங்க? நாங்க நேர் கீழ ஒக்காரோணும்" என்றான் அவன்.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் கிளமென்ட். "ஜெனிஷாவோட அம்மா பக்கத்துலயே ஒக்காந்து ஆறவெச்சதுங்க."