கிண்ணத்து மண்

திருக்கோவிலூர் அருகே தோண்டிய அகழாய்வுக் குழியில், மண் நிறைந்த கிண்ணம் ஒன்று உடையாமல் கிடைத்தது. மாணவன் சுபைர் எடுத்த கையோடு மண்ணைக் கூடையில் கொட்டி, கிண்ணத்தைச் சட்டை நுனியால் பளபளவெனத் துடைத்தான். கள்ளக்குறிச்சியில் அவன் அத்தா வைத்திருப்பது பாத்திரக்கடை. தூசியோடு எதையும் நீட்டினால் அங்கே அறை விழும்.

பேராசிரியர் பவானி கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். "உள்ள இருந்த மண்ணு எங்கடா?"

சுபைர் கூடையைத் தேடித் திரும்பினான். இங்கிருந்த பழைய நகரத்துக்குக் கல்வராயன் மலையிலிருந்து தானியம் வந்ததா என்று மூன்று மாதமாகச் சான்று தேடுகிறார்கள். இருந்தால் அந்த மண்ணில்தான் இருக்கும். நாளை குழியை மூடுகிறார்கள். கூடையோ மண் சுமக்கும் கூலியாள் பெரியம்மாளின் தலையில், மண்மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"யக்கா, கொட்டாதீங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினான்.

சாய்த்த கூடையை அவள் நிமிர்த்தினாள். "இன்னாப்பா, பாம்பா?"

பேராசிரியரும் வந்துசேர, மூவரும் கூடைக்குள் குனிந்தார்கள். கல்வராயன் மலைமேல் கரியாலூரில் சாமை விதைத்துவிட்டுக் கூலிக்கு வந்திருந்த பெரியம்மாள்தான் கரிந்த மணிகளை முதலில் கண்டாள்.

"சாமைங்க. தீஞ்சா இப்டித்தான் இருக்கும்."

சுபைர் சிரித்தே விட்டான். பேராசிரியர் சிரிக்கவில்லை. "கூடையில ஏற்கெனவே வேற மண்ணு இருந்துச்சா?"

பொய் சொல்ல ஒரு நொடி கிடைத்தது. பெரியம்மாள் வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"பாதிக் கூடை இருந்துச்சு மேடம்."

அவர் பதிவேட்டில் 'சாமை' என்று எழுதினார். பக்கத்திலேயே 'கிண்ணத்தில் இருந்ததா என்பது உறுதியில்லை' என்றும் எழுதிவிட்டு, பேனாவை நீட்டினார். "காரணத்த நீயே எழுது."

சுபைர் நடந்ததை எழுதி, கீழே தன் முழுப்பெயரையும் எழுதினான்.