தார்ச் சுரங்கத்தில் தவச்செல்வன்

இருபத்திரண்டு வருடமாக சுவிஸின் நொஷாட்டல் நகரத் தெருக்களுக்குத் தார் போடுகிற மனிதரை, விடுமுறை நாளில் பழைய தார்ச் சுரங்கம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு எப்படி இருக்கும்? தவச்செல்வன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். மாதர் சங்கத்தோடு சேர்ந்து பதிவு செய்தவர் மனைவி இராஜேஸ்வரி. மறுக்க முடியவில்லை.

வெளியே ஆடி வெயில் கொளுத்தியது. சுரங்கத்துக்குள் குளிரில் பல் கிடுகிடுத்தது. வழிகாட்டி திரேசா இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிக்கிறாள். வந்தவர்கள் எல்லாரும் தமிழர் என்பதால் பிரெஞ்சை விட்டுவிட்டுத் தமிழிலேயே தொடங்கினாள்.

"இது எரிமலைக் கல்லோ பிள்ளை?" என்று இராஜேஸ்வரி கேட்டார்.

"இல்லை அன்ரி. முந்தி இஞ்சை கடல். சிப்பியெல்லாம் அடியிலை படிஞ்சு சுண்ணாம்புக்கல்லா வந்தது. பிறகு கீழை இருந்து எண்ணெய் ஊறி ஏறினது, ஸ்பொஞ்சிலை தண்ணி ஏறுறமாதிரி."

கறுத்த கல்லொன்று கைமாறி வந்தது. தவச்செல்வன் அதை மணந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார். "சூடாக்கினால் இது மாவாய் உதிரும்" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

திரேசா சட்டென்று திரும்பினாள். "அங்கிள், எப்பிடித் தெரியும்?"

"நான் றோட்டுக்குத் தார் போடுறனான்."

"அப்ப முன்னுக்கு வாங்கோ! நான் அதைப் புத்தகத்திலைதான் படிச்சனான்."

கூச்சத்தோடு போய் நின்றவர், கதைக்கத் தொடங்கியதும் நிறுத்தவேயில்லை. தாரின் சூடு நூற்றறுபது பாகையாவது இருக்க வேண்டும். தாரை அமுக்கும் உருளை வண்டி ஒரு நிமிடம் நின்றாலும் தெருவில் பள்ளம் விழும். கோடையில் காலில் போட்ட சப்பாத்தின் அடி இளகும். இதையெல்லாம் இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கடைசியில் திரேசா ஒரு புதினமான சங்கதி சொன்னாள். சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டாட்ட நாளில் பன்றித் தொடையைக் கடதாசியில் சுற்றி, கொதிக்கிற தாருக்குள் அவிப்பார்களாம். பெண்கள் "சீ!" என்று முகம் சுளித்தார்கள்.

"அதிலை என்ன பிழை? நானும் சாப்பாட்டுப் பெட்டியைத் தார் மெசினுக்கு மேலை வைச்சுத்தான் சூடாக்கிறனான்" என்றார் தவச்செல்வன்.

இராஜேஸ்வரி இடுப்பில் கை வைத்தார். "அதுதானோ! பெட்டியிலை அந்த மணம் போக நான் எத்தினை சவர்க்காரம் மாத்தினனான்!"

சுரங்கம் முழுக்கச் சிரிப்பு எதிரொலித்தது.

திரும்பும் ரயிலில் இராஜேஸ்வரி கணவர் பக்கம் சாய்ந்தார். "நீங்கள் போட்ட றோட்டு ஒண்டு காட்டுங்கோவன்" என்றார்.

நகருக்கு வந்து பஸ் ஏறி, வீட்டுக்கு இரண்டு தரிப்புக்கு முன்பே இறங்கினார்கள். ஏரியை நோக்கிச் சரியும் தெரு.

"ரெண்டு நாள் வேலை. முதல் நாள் போட்டதும் அடுத்த நாள் போட்டதும் சேர்ற இடம் இதிலை எங்கையோ இருக்கு. கண்டுபிடியுங்கோ பாப்பம்."

இராஜேஸ்வரி குனிந்து தேடினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலாலும் தடவிப் பார்த்தார்.

"தெரியேல்லையப்பா."

"தெரியக்கூடாது" என்றார் தவச்செல்வன். முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்த பிறகுதான் இருவரும் நடைபாதைக்கு ஏறினார்கள்.