ஒரு கையில் இரண்டு பட்டை

விடுதியில் அவனுக்கு 'ரயில்' என்று பெயர். ஓட்டக்காரன் என்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை. காலையில் அவன் எழுந்து படியிறங்கினால் கட்டிடமே அதிரும். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு வந்தால் எதிரே நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். படுத்தான் என்றால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். பக்கத்தில் இடியே விழுந்தாலும் புரண்டு படுப்பானே தவிர கண்ணைத் திறக்க மாட்டான். இப்படி ஒரு உடம்பைக் கொடுத்த கடவுள் கூடவே கொஞ்சம் கணக்கும் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

கணக்கை எல்லாம் மொத்தமாக அவனுடைய அறைத்தோழனுக்குக் கொடுத்துவிட்டார். அவனை எல்லோரும் 'வாத்தி' என்று கூப்பிட்டார்கள். பரீட்சை நெருங்கினால் மாடியில் இருக்கிற பையன்கள் பாதிப்பேர் அந்த அறையில்தான் கிடப்பார்கள். கட்டில், தரை, ஜன்னல் திட்டு என்று ஒரு இடம் பாக்கி இருக்காது. கதவைச் சாத்திவிட்டு, அதன் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிக் காட்டி வாத்தி பாடம் நடத்துவான். வகுப்பில் வருஷம் பூராவும் உட்கார்ந்தும் மண்டையில் ஏறாதது, அந்தக் கதவைப் பார்த்ததும் ஏறிவிடும். முதல் வருஷம் ரயில் கணக்கில் தேறியதே அந்தக் கதவின் புண்ணியத்தில்தான்.

இரண்டாம் வருஷம் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தது. கறுப்பு ரப்பர் பட்டை, நடுவில் ஒரு பச்சை விளக்கு. எவ்வளவு நடந்தாய், எவ்வளவு தூங்கினாய் என்று எல்லாம் அதற்குத் தெரியும். ஓடியாடி ஒழுங்காகத் தூங்குகிறவனுக்கு மதிப்பெண்ணில் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள். படுக்கையை விட்டு எழாதவன், விடிய விடிய விழித்துக் கிடப்பவன் யார் என்று பட்டை காட்டிக்கொடுத்தால், ஆலோசகர் மேடம் தானே போன் செய்து கூப்பிடுவார். மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல இந்த வயசில் யாருக்கும் வராது, ஆனால் உடம்பு சொல்லிவிடும், அதனால் நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும் என்பது அந்த மேடத்தின் கட்சி. நல்ல ஏற்பாடுதான். பையன்கள் அதற்குக் 'கைவிலங்கு' என்று பெயர் வைத்தது வேறு விஷயம்.

நல்ல ஏற்பாட்டைக் கெடுக்கக் கெட்ட எண்ணம்தான் வேண்டும் என்பதில்லை. வாத்தி ஒரு தடவை காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். மைதானத்துக்குக் கிளம்பின ரயில், "உன் பட்டையையும் குடு வாத்தி. நான் ஓடுறப்ப அதுவும் ஓடட்டும்" என்று வாங்கித் தன் மணிக்கட்டிலேயே கட்டிக்கொண்டான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். காய்ச்சல் போன பிறகும் பட்டை திரும்பிப் போகவில்லை. கழற்றிக் கொடுக்கச் சோம்பல்பட்டு, படுக்கும்போதும் இரண்டையும் கட்டிக்கொண்டே படுத்தான். வாத்தியின் மதிப்பெண் மளமளவென்று ஏறியது.

"நீ எனக்குக் கணக்குப் போடு, நான் உனக்கு ஓடுறேன். யாருக்கும் நஷ்டம் இல்ல" என்பான் ரயில்.

"தூங்குறதுகூட நீதானேடா எனக்கும் சேத்துத் தூங்குற" என்று வாத்தி சிரிப்பான். அப்போதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

எப்போது நின்றது அந்தச் சிரிப்பு? பிறகு எத்தனையோ தடவை ரயில் யோசித்துப் பார்த்தான், பிடிபடவில்லை. சந்தேகம் கேட்டு வந்த பையன்களிடம் "நாளைக்கு வாங்கடா" என்று சொல்ல ஆரம்பித்தது ஞாபகம் இருந்தது. அந்த நாளை வரவே இல்லை. கதவில் பாதியில் நின்ற ஒரு கணக்கு அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. கொடியில் போட்ட வாத்தியின் துண்டு நனையாமலே காய்ந்து விறைத்துப் போயிருந்தது. எல்லோரோடும் டீக்கடைக்கு வருகிறவன், "எனக்கு ஒரு பன் மட்டும் வாங்கிட்டு வந்துரு" என்றான். வாங்கி வைத்த பன்னும் மேஜையிலேயே காய்ந்தது. ரயிலுக்குக் கண் இருந்தது, எல்லாவற்றையும் பார்த்தான். பரீட்சைப் பயம், தானாகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஓடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து அறைக்குள் நுழைந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கும் வாத்தியின் கண் திறந்திருக்கும்.

"பரவாயில்லையே, இன்னைக்குச் சீக்கிரமா எந்திரிச்சுட்டியே!" என்று ரயில் பாராட்டுவான்.

"ம்" என்பான் வாத்தி.

பாவிப்பயல், எழுந்திருப்பதற்கு அவன் தூங்கியிருந்தால்தானே!

ஒருநாள் மதியம் ரயில் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குப் புது லேஸ் கோத்துக்கொண்டிருந்தான். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. வாத்தி படுத்தபடியே கையை நீட்டினான்.

"டேய், அந்தப் பட்டையைக் குடேன். கொஞ்ச நாள் நானே கட்டிக்கிறேன்."

"எதுக்குடா?"

"சும்மாதான்."

"இப்பப் போயி நீ கட்டினா எல்லாம் தலைகுப்புற விழுந்துரும். மேடம் அன்னைக்கே போன் போட்டுருவாங்க."

"போட்டா போடட்டும்."

"நீ ஈஸியா சொல்லிருவ. இத்தனை நாள் ஓடினது யாருன்னு நோண்ட ஆரம்பிச்சா, கோச் என்னை டீம்லேர்ந்து தூக்கிருவாரு. போட்டி முடியட்டும், நானே கட்டிவிடுறேன். போதுமா?" என்ற ரயில், நண்பனின் முகம் வாடியதைப் பார்த்துச் சமாளிக்க நினைத்து ஒரு ஜோக்கும் அடித்தான். "அதுவும் வாத்திக்கே மேடம் பாடம் எடுத்தா ஊரு சிரிக்காதா?"

நீட்டிய கையை வாத்தி மெதுவாக இழுத்துக்கொண்டான். "சரி" என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ரயில் அடுத்த காலுக்கு லேஸ் கோத்தான்.

பரீட்சை அன்று வாத்தி வெள்ளைத்தாளை வெறித்துப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. மேற்பார்வைக்கு வந்தவர் தோளைத் தட்டியதும் எழுந்திருக்கப் பார்த்து, நின்ற இடத்திலேயே துவண்டு விழுந்தான். மூன்று வரிசை பின்னால் இருந்த ரயில்தான் ஓடிப்போய்த் தூக்கினான். சுகாதார நிலையத்துக்குத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனவனும் அவன்தான். தோளில் கனமே தெரியவில்லை.

இளவயசு டாக்டர். "தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றான் வாத்தி.

டாக்டர் பட்டையின் கணக்கைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தினமும் ஓடுற. குழந்தை மாதிரி தூங்குற. எனக்கு இப்படி ஒரு தூக்கம் கிடைச்சா கோயில் கட்டிக் கும்பிடுவேன். படிக்கலைன்னா படிக்கலைன்னு சொல்லுப்பா, எதுக்கு இந்த நாடகம்?"

வாத்தி தலையைத் தூக்கினான். திரும்பி, கதவோரம் நின்ற ரயிலைப் பார்த்தான், அவ்வளவுதான். உண்மை ரயிலின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கோச்சின் முகமும் கூடவே வந்தது. சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டான். அந்த ஒரு இழுப்புதான் அவன் வாழ்க்கையிலேயே செய்த கேவலமான காரியம். அது அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை.

நடித்துப் பரீட்சையைத் தட்டிக்கழித்தான் என்று துறையில் முடிவு கட்டினார்கள். வீட்டுக்குத் தகவல் போனது. ரயில் போட்டிக்குப் போனான். ஓடினான், இரண்டாவதாக வந்தான். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். திரும்பி வரும் வழியிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டான்.

அறைக்கு வந்தபோது வாத்தியின் அம்மா வந்திருந்தார். ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். மகனின் போர்வையைக் காற்றில் ஒரே உதறாக உதறி, நாலாக மடித்து, ஓரம் ஓரமாக நீவிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மகன் கட்டிலின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வா தம்பி. ஜெயிச்சியா?" என்றார் அந்த அம்மா. போர்வையை உதறிய கை நின்றது. "நீ கூடவே இருந்தவன், நீயாவது சொல்லு. இவன் நடிக்கிறான்னு சொல்றாங்க. ஆபீஸ்ல காட்டினாங்க, தினமும் ஓடியிருக்கானாம். எம்புள்ளையா? பள்ளிக்கூடத்துல ஓடவிட்டா பாதியில நின்னு, விழுந்தவனத் தூக்கிவிட்டுட்டு இருப்பான். தூக்கமே வரலைன்னு அவன் ஏன் என்கிட்ட பொய் சொல்லணும்? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

கடைசியில் அந்தத் தாய் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டதுதான் ரயிலைத் தடம்புரள வைத்தது. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி மணிக்கட்டைக் காட்டினான்.

"ஓடினது நான்மா. தூங்கினதும் நான்தான். அவன் பொய் சொல்லல."

அந்த அம்மா இரண்டு பட்டைகளையும் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். அடித்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வா, இதை வந்து அவங்ககிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

ஆலோசகர் மேடத்தின் அறை மருந்து வாசனை இல்லாத, சாதாரண அறை. மூலையில் ஒரு கெட்டில், இரண்டு கோப்பைகள். ரயில் சொல்லி முடிக்கும் வரை மேடம் குறுக்கே பேசவில்லை. பிறகு, அவனுக்குச் சொல்வது மாதிரியும் தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரியும் பேசினார்.

"சில பசங்க இருக்காங்கப்பா. மனசு சரியில்லைன்னு வாயைத் திறந்து சொல்லவே மாட்டாங்க. கதவைத் தட்டவும் கூச்சம். ஆனா பட்டையை மட்டும் கழட்டவே மாட்டாங்க. கட்டிக்கிட்டே காத்திருப்பாங்க, நான் கூப்பிடட்டும்னு. நான் போன் போட்டா முதல் மணியிலயே எடுப்பாங்க."

போட்டா போடட்டும்.

ரயிலுக்கு அப்போதுதான் உறைத்தது. நீட்டியிருந்த கை, 'சும்மாதான்' என்ற சொல், அதற்குத் தான் அடித்த அந்தப் பாழாய்ப்போன ஜோக், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கூச்சப்படுகிற ஒருவன் தன்னால் முடிந்த அளவுக்குச் சத்தம்போட்டுக் கேட்ட உதவி அது. லேஸ் கோத்துக்கொண்டே ரயில் அதை முடியாது என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு நடக்க வேண்டியது எல்லாம் நடந்தது. நாடகம் என்ற பேச்சை டாக்டரே திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு வருஷம் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பி வரலாம், இடம் போகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கோச் ரயிலைக் கூப்பிட்டு டீமிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். எந்தக் கோச்சுக்குப் பயந்து வாயை மூடினானோ, அந்தக் கோச்சின் முன்னால் அவன் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான்.

வாத்தி கிளம்பிய அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் டாக்ஸி நின்றது. அம்மா பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். ரயில் அவனுடைய பட்டையைத் தன் கையிலிருந்து கழற்றி வாத்தியிடம் நீட்டினான். அது இருந்த இடத்தில் மட்டும் தோல் வெளிறிப் போயிருந்தது.

வாத்தி அதை வாங்கவில்லை. "நீ தூங்குறதப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்டா" என்றான். குரலில் கோபம் இல்லை. "உன் கையில என்னோட லைட்டு பச்சையா எரியும். சரி, நானும் எங்கேயோ நல்லாத்தான் தூங்கிட்டிருக்கேன்னு நெனச்சுக்குவேன்."

"தப்பு பண்ணிட்டேன்டா. மன்னிச்சுரு."

"கேட்டப்பவே குடுத்திருக்கலாம்" என்றான் வாத்தி.

வண்டியில் ஏறி ஜன்னலோரம் சாய்ந்துகொண்டான். அம்மா மடித்த போர்வை ஒன்றை அவன் தலைக்குக் கீழே செருகினார். வண்டி போய்விட்டது.

அதன் பிறகு ரயிலுக்குத் தூக்கம் வரவில்லை. இடி விழுந்தாலும் எழாதவன், எதிரே காலியாகக் கிடந்த கட்டிலின் அமைதிக்கு விழித்துக்கொண்டான். டீமில் இல்லை என்ற பிறகு மைதானத்துக்குப் போகக் கால் எழவில்லை. சாப்பிடப் போகாமல், கதவில் பாதியில் நின்ற கணக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அதை அழிக்கவும் மனசில்லை, மேலே போடவும் தெரியவில்லை. மணிக்கட்டில் அவனுடைய பட்டை மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் போன் அடித்தது.

"தம்பி, நான் ஆலோசகர் மேடம் பேசுறேன். கொஞ்ச நாளா நீ தூங்கவே இல்லபோல இருக்கே. ஓடவும் போகல. திட்டுறதுக்காகக் கூப்பிடலப்பா. இந்தப் பக்கம் வந்துட்டுப் போ, டீ போட்டு வைக்கிறேன். சும்மா பேசிட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். ஒரு ஷூவுக்கு லேஸ் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக வருகிற போன்.

"தம்பி? லைன்ல இருக்கியா?"

அவன் வாயைத் திறந்தான்.

"மேடம்," என்றான், "இது அவனுக்கு வரவேண்டிய போன் மேடம்."