நடக்காத ஒரு கலகம்

சரித்திர டீச்சருக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. காய்கறிக்காரர் எடை போடும்போது எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள். டீச்சர் அவர் விரலைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் தன் லேப்டாப்பை முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டி வந்ததை என்னவென்று சொல்ல!

வேறு வழியில்லை. லேப்டாப் திறக்கவே கால் மணி நேரம் ஆனது. குறிப்பு எழுதும் செயலியைத் தட்டினால், அது யோசித்து யோசித்து அசந்துபோனது. அதற்குள்தான் பள்ளியில் நடக்கும் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின் சரித்திர வினாத்தாள் இருந்தது. மூன்று வருடமாகத் தயாரிப்பது அவர்தான். ஒரு கேள்வி வெளியே கசிந்தாலும் வேலை போய்விடும். இருபது வருடம் சேர்த்த பெயரும் கூடவே போய்விடும்.

"நாலு ஜிபி ரேம்தான் இருக்கு மேடம். எட்டு போட்டா பறக்கும்" என்றார் மெக்கானிக்.

"போட்டா என் நோட்ஸ் எல்லாம் அழிஞ்சிடாதே?"

"அழியாது. ரேம்ங்கிறது வேலை செய்யற மேசை மாதிரி. மேசையைப் பெரிசாக்கறோம், பீரோவைத் தொடவே மாட்டோம்."

"அப்புறம் பாஸ்வேர்டு எதுக்குக் கேக்கறீங்க?"

"போட்டப்புறம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்க வேணாமா? உங்க நோட்ஸ் இதுல மட்டும் இல்ல மேடம். உங்க கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கோ அங்கெல்லாம் இருக்கும்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. இந்த ஆள் ஏன் நோட்ஸைப் பற்றிப் பேசுகிறான்? பேச்சை எடுத்ததே தான்தான் என்பது அவருக்கு அப்போது மறந்துவிட்டது. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், கடைக்கு மேலே ஒரு டியூஷன் பலகை. 'பத்தாம் வகுப்பு: நூற்றுக்கு நூறு உத்தரவாதம்.' நடத்துவது மெக்கானிக்கின் மனைவி என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். போதாதா!

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உண்மையான வினாத்தாளைக் கையால் எழுதி பீரோவில் பூட்டினார். செயலியில் இருந்ததை அழித்துவிட்டு வேறு கேள்விகளை இட்டார். பத்து மதிப்பெண் கேள்வி இப்படி: 'உப்பளக் கலகத்துக்கான ஐந்து காரணங்களை விளக்குக.' அப்படி ஒரு கலகம் உலகத்தில் எங்கும் நடக்கவில்லை. குளிக்கும்போது டீச்சரே மனசுக்குள் நடத்திய கலகம் அது.

மறுநாள் லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் கொடுத்தார். சாயங்காலம் ரேம் போட்டுத் திரும்பி வந்தது, உண்மையிலேயே பறந்தது. அதுவும் பிடிக்கவில்லை. இவ்வளவு வேகமாகத் திறக்கிறதே, உள்ளே புகுந்து என்னதான் செய்தானோ! ஆசிரியர்கள் அறையில், "அந்த ஆளோட முழியே சரியில்ல" என்று நாலு பேரிடம் சொல்லிவைத்தார். நான்கு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த டியூஷன் பிள்ளைகளின் பின்னாலேயே நடந்தார். ஒரு பிள்ளையின் வாயிலிருந்தும் உப்பளம் வரவில்லை.

சனிக்கிழமை காலை நாத்தனாரின் மகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். நாத்தனார் டீச்சரின் கணவருக்கு அக்கா. இரண்டு தெரு தள்ளி, தையல் மெஷினை மிதித்தே தனியாளாக இந்தப் பெண்ணை வளர்க்கிறவர். பெண் டீச்சரின் பள்ளியில்தான் பத்தாவது படிக்கிறாள். போன வருடத்திலிருந்து சரித்திரத்தில் அவள்தான் முதல். ஒன்பதாவதுக்கும் கேள்வி தயாரித்தவர் டீச்சரே. நம் வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று மேடையில் நின்று தன் கையாலேயே பரிசு கொடுத்திருந்தார்.

"அத்தை, அம்மா ஒரு கேள்விய முக்கியம்னு குறிச்சுக் குடுத்தாங்க. புக்கு முழுக்கத் தேடிட்டேன், இல்ல. உப்பளக் கலகம் எந்தப் பாடத்துல வருது?"

டீச்சர் சட்டென்று லேப்டாப்பைத் திறந்து, தன் கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று தேடினார். மூன்று வரி வந்தது. இந்த லேப்டாப். கையிலிருக்கும் போன். மூன்றாவது, அவருடைய பழைய போன். கடைசியாகத் திறந்தது இன்று காலை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாத்தனாரின் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தபோது, பாவமென்று டீச்சர் அவருக்குக் கொடுத்த போன் அது. கொடுக்குமுன் படங்களை அழித்தார், வந்த செய்திகளை அழித்தார். இந்தச் செயலியை மூட மறந்தார். ஊரார் விரலையெல்லாம் பார்த்தவர், தன் வீட்டுக் கதவு திறந்து கிடந்ததைப் பார்க்கவில்லை. அந்த மெக்கானிக் பாவம், விஷயத்தை முதல் நாளே சொல்லியிருந்தார்.

பொய்க் கேள்விக்குக் கீழே டீச்சர் தட்டினார்: 'அண்ணி, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை நான் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.'

அந்த வரிக்குக் கீழே எழுத்துகள் தானாக வந்து விழுந்தன.

'பிள்ளைக்கு எதுவும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே.'

டீச்சருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. போன வருடம் இரண்டு மதிப்பெண்ணில் பரிசைத் தவறவிட்டவள் பள்ளி வாட்ச்மேனின் மகள். மேடைக்குப் பின்னால் நின்று அழுத அவளை முதுகில் தட்டி, அடுத்த வருஷம் இன்னும் நல்லா படி என்று இவரேதான் அனுப்பிவைத்தார்.

"என்ன அத்தை, உங்களுக்கும் தெரியலையா?"

"அப்படி ஒரு கலகம் நடக்கவே இல்லம்மா. நானா இட்டுக்கட்டினது. இந்த லேப்டாப்புக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு."

பெண் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. நோட்டில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, எதிரே காலியாக விட்டிருந்தாள். அந்த எண்களின்மேல் விரலை ஓட்டினாள்.

"போன வருஷமும் அம்மா குறிச்சதெல்லாம் வந்துச்சு" என்றாள் மெதுவாக. பேனாவை மூடினாள். "அத்தை, அந்தப் பரிச நாம வாட்ச்மேன் அங்கிள் பொண்ணுகிட்டயே குடுத்துடலாமா?"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால், நாத்தனாரின் வரிக்குக் கீழே தட்டினார்: 'நான் சொல்லவில்லை அண்ணி. அவளே கண்டுபிடித்துவிட்டாள்.'